களஞ்சுட்டுக் கிளவி : குடும்பத்துள் இடம் அறிவித்தலின் உரிமை

1. தோற்றுவாய்

மகள் கல்லூரிக்குச் செல்கின்றாள். தாய் இல்லத்தில் இருந்தவாறே கைப்பேசியைத் திறந்து நோக்குகின்றாள். நிலப்படத்தின்மேல் ஒரு புள்ளி நகர்கின்றது. அப்புள்ளி பேருந்து நிலையத்தில் நின்றதும், நூலகத்தை அடைந்ததும், மாலையில் வழக்கமான தெருவை விடுத்து வேறொரு தெருவிற் சென்றதும் தாய்க்குத் தெரிகின்றன. மகள் வீடு திரும்பும்பொழுது அவள் சொல்லுதற்கு யாதும் எஞ்சியிருப்பதில்லை. சொல்லாது வைத்துக்கொள்ளுதற்கும் யாதும் எஞ்சியிருப்பதில்லை.

குடும்பத்தார் ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவர்க்குக் காட்டும் செயலிகள் இன்று பரவலாக வழங்குகின்றன. அவற்றைப் பற்றிய சொல்லாடலில் ஒரு கூற்று அடிக்கடி நம் செவியில் விழுகின்றது. ‘தனியுரிமை என்பது மேலைநாட்டார் கருத்து, தமிழ்க் குடும்பத்தில் பெற்றோர்க்கு மறைக்க என்ன இருக்கின்றது? மகளைக் காத்தல் நம் மரபு. அம்மரபுக்கு வாய்த்த புதிய கருவியே செயலி’ என்பது அக்கூற்று. இதன்கண் உள்ள பெற்றோர் அச்சம் மதிக்கத்தக்கது. அதனை எள்ளுதல் எம் கருத்தன்று. ஆயின், மரபைச் சான்றாக அழைக்கும் பகுதி ஆராய்ந்து கொள்ளற்பாலது. மரபைச் சான்றுக்கு அழைப்போர் அம்மரபின் நூல் யாது கூறுகின்றது என்பதையும் கேட்டல் வேண்டும் அன்றோ?

அகத்திணை இலக்கணம் குடும்பத்துள் அறிவு எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்லுதல் வேண்டும் என்பதை நுட்பமாக வரையறுத்த நூற்பகுதியாகும். இடத்தைச் சுட்டும் உரிமை யாருக்குரியது, செய்தி எவர்க்கு, எப்பொழுது, எவ்வளவு சொல்லப்படும் என்னும் வினாக்களுக்கு ஆண்டு விடை உண்டு. அவ்விடை மேற்காட்டிய கூற்றுக்கு மாறாக உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. கருவியின் இயல்பு

முதற்கண் கருவியின் இயல்பை நோக்குவோம். கைப்பேசி, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் குறிப்புகளையும், அருகிலுள்ள வைஃபை நிலையங்கள், கைப்பேசிக் கோபுரங்கள் ஆகியவற்றின் குறிப்புகளையும் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணிக்கின்றது. திறந்த வானத்தின்கீழ் அக்கணிப்பு ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்கு நுண்ணிதாக அமையும். கட்டடத்துள்ளும் உயர்ந்த மாடங்களின் இடையிலும் பிழைபடும். ஆயினும் திரையிலுள்ள புள்ளி தன் ஐயத்தை எப்பொழுதும் தெளிவாக எடுத்துக்காட்டுவதில்லை. காண்போர் அதனை உறுதியான செய்தியாகவே கொள்கின்றனர். பக்கத்துத் தெருவிற் புள்ளி விழுந்தமையால் எழும் பூசல் இவ்வியல்பின் விளைவு.

இக்கருவிகளின் வரலாறும் நோக்கத்தக்கது. கூகுள் நிறுவனம் 2009-இல் லேட்டிட்யூட் என்னும் வசதியை வெளியிட்டது. அதன்கண், ஒருவர் தம் இடத்தைச் சிலர்க்கு நுண்ணிதாகவும், சிலர்க்கு நகரத்தின் அளவிலும் காட்டலாம். வேறு சிலர்க்கு மறைத்தும் வைக்கலாம். 2013-இல் அவ்வசதி நிறுத்தப்பட்டது. 2017-இல் கூகுள் மேப்ஸில் இடப்பகிர்வு வந்தபொழுது காலவரையறை இடம்பெற்றது. நகரத்தின் அளவில் மட்டும் காட்டும் படி இடம்பெறவில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசியில் ஒரு மணி நேரம், அன்றைய நாள் முடியும்வரை, காலவரையின்றி என மூன்று வகை உண்டு. வாட்ஸ்அப்பில் நேரலை இடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று அளவிற் பகிரலாம்.

குடும்பக் காவலுக்கென்றே அமைந்த செயலிகளின் போக்கு இதனின் வேறானது. அவற்றில் இடைவிடாது காட்டுதலே இயல்பு நிலை; காட்டாதிருத்தலே விலக்கு. ஒருவர் வீட்டை விட்டு நீங்கியதும், பள்ளியை அடைந்ததும் தாமே அறிவிப்பு விடுக்கின்றன. ஊர்தியின் விரைவையும் கைப்பேசி மின்கலத்தின் அளவையும் கூடக் காட்டுவன உண்டு. ஒருவர் தம் இடத்தை மறைத்த நொடியில் ‘மறைத்தார்’ என்னும் செய்தி பிறர்க்குச் செல்லுமாயின், மறைத்தலே ஒரு குற்றச்சாட்டாக மாறிவிடுகின்றது. சொல்லாமை என்பதற்கு இக்கருவி இடமே வைக்கவில்லை என்பது இதனாற் போதரும்.

3. களஞ்சுட்டும் உரிமை

இனித் தொல்காப்பியத்தை நோக்குவோம். களவியலில் தலைவனும் தலைவியும் எதிர்ப்படும் இடம் ‘குறி’ எனப்படும். அது பகற்குறி, இரவுக்குறி என இருவகைப்படும். அக்குறியிடத்தை எடுத்துச் சொல்லும் சொல்லுக்கு ஆசிரியர் ‘களஞ்சுட்டுக் கிளவி’ எனப் பெயரிட்டு, அது தலைவிக்கே உரியது என விதித்தார். தலைவன் வரம்பு கடத்தல் அறமன்று என்பதையும், அவ்விடம் அவள் தானே சென்று சேர்தற்குரியது என்பதையும் காரணமாகக் கூறினார். தலைவிக்காகத் தோழி அதனை முடித்தலும் உண்டு என்பது அதனை அடுத்து வரும் விதி.

இவ்விதி காதலர் எதிர்ப்படும் இடம் பற்றியது. பெற்றோர்க்கு இடம் உரைத்தல் பற்றியதன்று. இதனை யாம் மறந்திலேம். ஒன்றற்குக் கூறிய விதியை மற்றொன்றற்கு அப்படியே ஏற்றுதல் ஆராய்ச்சி நெறியாகாது. எனினும், விதியின்கண் அமைந்த காரணம் விதியினும் விரிவானது. ஓரிடத்திற்குச் செல்வோர் யாரோ அவ்விடத்தைச் சுட்டும் சொல் அவர்க்கு உரியது. அச்சொல்லை மற்றொருவர் சொல்லுங்கால் அவர் செல்வோரின் நம்பிக்கைக்கு உரியவராதல் வேண்டும். தோழி அத்தகையள். அவள் தலைவியின் உள்ளம் அறிந்தவள்; அவள் நன்மைக்குப் பொறுப்பேற்றவள்; எதனை யாரிடம் சொல்லலாம் என ஆராயும் மதியுடையவள்.

இன்றைய செயலியில் களஞ்சுட்டும் சொல் செல்வோரிடம் இல்லை. தோழி போன்ற மதியுடையோரிடமும் இல்லை. கருவி சுட்டுகின்றது. அது எதனையும் ஆராய்வதில்லை. தான் சுட்டியதன் விளைவுக்குப் பொறுப்பேற்பதும் இல்லை. மகள் மருத்துவமனைக்கு நோயுற்ற தோழியைக் காணச் சென்றாளோ, தன் நோய்க்காகச் சென்றாளோ என்பதைப் புள்ளி கூறாது. இடத்தைக் கூறிக் காரணத்தைக் கூறாத செய்தி காண்போரின் ஐயத்தை வளர்க்கின்றது. ஆதலின் இடம் அறிதல் வேறு, ஒருவரை அறிதல் வேறு என்னும் வேறுபாட்டை ஈண்டு வற்புறுத்துகின்றோம்.

4. அறத்தொடு நிலையின் படிமுறை

குடும்பத்துள் செய்தி செல்லும் நெறியை நேரே கூறும் பகுதி அறத்தொடு நிலையாகும். தலைவியின் களவொழுக்கத்தை வீட்டார்க்கு வெளிப்படுத்தும் இச்செயலில் ஒரு படிமுறை உண்டு. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் அறிவிப்பர் என இம்முறையைப் பின்னைய அகப்பொருள் நூல்கள் நிரல்படத் தொகுத்துரைக்கும். தொல்காப்பியர் தந்தையும் தமையன்மாரும் குறிப்பால் உணர்வர் எனவும், நற்றாய் அறிதல் செவிலி அறிதலை ஒக்கும் எனவும் கூறினார். ஒரே செய்தி தாயர்க்குச் சொல்லாகவும் தந்தைக்குக் குறிப்பாகவும் சென்று சேர்கின்றது என்பது இதன் பொருள்.

இம்முறையில் மூன்று வரையறைகள் உள்ளன. முதலாவது ஆள் பற்றியது. செய்தி ஒருங்கே அனைவர்க்கும் பரப்பப்படுவதில்லை. ஏற்கத் தக்கவர் ஒருவர் ஏற்று, அடுத்தவர்க்கு அவர் பொறுப்பிற் கொண்டுசெல்கின்றார். இரண்டாவது காலம் பற்றியது. அறத்தொடு நிற்றற்குரிய காலம் வந்தாலன்றித் தோழி அறத்தை வெளிப்படுத்தும் மரபினள் அல்லள் என்பது பொருளியல் விதி. வேற்று வரைவு நேர்தல், தலைவியின் மெலிவு கண்டு வீட்டார் வெறியாட்டு எடுத்தல் போன்ற நெருக்கடிகளே அக்காலத்தை உண்டாக்குகின்றன. மூன்றாவது அளவு பற்றியது. தலைவனை எளியனாகக் காட்டுதல், அவனைப் புகழ்தல், அவன் விருப்பத்தை எடுத்துரைத்தல் முதலாகத் தொடங்கி, உண்மையை உள்ளவாறே செப்புதலில் முடியும் ஏழு வகையால் அறத்தொடு நிற்கலாம். முழு உண்மை ஏழாவதாக, இறுதியில் வைக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

இம்மூன்றையும் ஒருசேர நோக்கின், தோழி உண்மையை மறைத்தவள் என்றோ வீட்டார் அறியாமையில் வைக்கப்பட்டனர் என்றோ கூறுதல் இயலாது. உண்மை இறுதியில் வீட்டை அடைகின்றது. அடைதல் வேண்டும் என்பதே நூலின் கருத்தும் ஆகும். ஆயின் அது ஒரு மனிதரின் வாய்ச்சொல்லாக, காலம் அறிந்து, கேட்போரின் உள்ளம் அதனை ஏற்கும் அளவுக்கு ஏற்ப அடைகின்றது. எனவே ‘தமிழ்க் குடும்பத்தில் மறை என்பதே இல்லை’ எனல் அகத்திணை இலக்கணத்தோடு முரண்படும். மறை உண்டு, அம்மறை வெளிப்படுதற்கு நெறியும் உண்டு. ‘அறத்தொடு நிற்றல்’ எனப் பெயரிட்டமையால் அவ்வாறு வெளிப்படுத்துதலை அறச்செயலாகவே முன்னோர் கொண்டனர் என்பதும் விளங்கும்.

லேட்டிட்யூட் வசதியில் இருந்த நகர அளவுப் படியும், வாட்ஸ்அப்பின் 15 நிமிட அளவும் இவ்வரையறைகளோடு ஒருவாறு ஒத்தன. கருவி செய்வோர் தொல்காப்பியம் கற்றவர் என்பதன்று எம் கருத்து. மனிதர் தம்முள் செய்தி பகிருங்கால் ஆள், காலம், அளவு என்னும் மூன்றும் இயல்பாகவே தேவைப்படுகின்றன. அத்தேவையை மறந்த கருவி மீண்டும் அதனிடமே வருதல் வேண்டும். அமெரிக்காவில் பெருவழக்காயுள்ள லைஃப்360 என்னும் குடும்பச் செயலி, இளைஞரின் கடும் எதிர்ப்புக்கு ஆளாகி, 2020-இல் ‘குமிழி’ என்னும் பொருள்படும் வசதியைச் சேர்த்தமை இதற்குச் சான்று. அவ்வசதியைப் பயன்படுத்துங்கால் சில மணி நேரத்திற்கு நுண்ணிய புள்ளிக்கு மாறாக அகன்ற வட்டம் ஒன்றே வீட்டார்க்குத் தெரியும். காலம், அளவு என்னும் இரண்டும் இவ்வாறு மீண்டும் இடம்பெற்றன.

5. பெயர் சுட்டாமையும் இடம் சுட்டுதலும்

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது அகத்திணையியலின் விதி. ஒருவரின் உள்ளத்து நிகழ்ச்சியை உலகறியப் பாடலாம். ஆயின் அவர் இன்னார் என அறியப்படுதல் கூடாது. இவ்விதியின் வன்மை பெயரை நீக்கியதில் மட்டும் இல்லை. நிலமும் பொதுமைப்படுத்தப்பட்டது என்பதை நாம் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். தலைவி நிற்பது குறிஞ்சி. அருவியும் தினைப்புனமும் ஆண்டு உள. அத்தினைப்புனத்தைக் கொண்டு இன்ன குடிமகள் எனத் துணிதல் இயலாது. சில பாடல்களில் ஊரும் மலையும் மன்னர் பெயரும் உவமையாகவும் அடையாகவும் வந்தாலும், அவை தலைமக்களை இனங்காட்டுதற்கு வந்தன அல்ல.

இன்றைய தரவு வணிகம் இதற்கு நேர்மாறாக இயங்குகின்றது. இடத்தரவை விற்போர் ‘பெயரை நீக்கிவிட்டோம்’ என்பர். பெயரை நீக்கி, இடத்தையோ நுண்ணிதாக வைத்துக்கொள்வர். 2013-இல் தெ மோன்ழோய் முதலிய ஆராய்ச்சியாளர் 15 இலட்சம் மக்களின் கைப்பேசி இடத்தரவை ஆராய்ந்து, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் கிடைப்பின் 95 விழுக்காட்டினரைப் பிறரினின்று பிரித்தறியலாம் எனக் காட்டினர். இரவில் புள்ளி தங்கும் வீடும், பகலில் அது தங்கும் அலுவலகமும் தெரிந்தபின் பெயர் அறிதல் அரிதன்று. பெயரை மட்டும் நீக்குதல் போதாது என்னும் உண்மையை ஐந்திணைப் பாடல்களின் அமைப்பு முன்னரே உட்கொண்டுள்ளது எனலாம்.

இது குடும்பத்துக்குப் புறம்பான செய்தி எனக் கருதற்க. 2021 டிசம்பரில் தி மார்க்கப் என்னும் அமெரிக்க இதழ், மேற்குறித்த லைஃப்360 நிறுவனம் குடும்பத்தாரின் நுண்ணிய இடத்தரவை ஏறத்தாழப் பன்னிரண்டு தரவு வணிகர்க்கு விற்றுவந்ததை வெளிப்படுத்தியது. 2022 தொடக்கத்தில் அந்நிறுவனம் அவ்விற்பனையைப் பெரும்பாலும் கைவிடுவதாக அறிவித்தது. தாய் ஒருத்தி தன் மகளைக் காத்தற்பொருட்டுத் திறந்த வாயில் வழியே முன்பின் அறியாதவரும் நுழைந்தனர் என்பது இதனாற் பெறப்படும். அகப்பாடலில் உரிமையற்றோர் அறிந்து தூற்றுதல் ‘அலர்’ எனப்படும். பெண்ணின் துயரை மிகுவிப்பது அவ்வலரே. காவலுக்கென வைத்த கருவி அலருக்கு வாயிலாயின் அக்காவலின் பயன் யாது?

6. தடை விடைகள்

ஈண்டுச் சில தடைகள் எழும். அகத்திணை புலனெறி வழக்கம். அது குடும்ப வாழ்வின் வரலாற்றுப் பதிவாகாது என்பது முதல் தடை. இஃது உண்மையே. பழந்தமிழர் இல்லங்கள் அனைத்திலும் தோழி இருந்தாள் என்றோ தாயர் அனைவரும் பொறுமையாகக் கேட்டனர் என்றோ யாம் கூறவில்லை. மரபு என்பது ஒரு மக்கள் இவ்வாறு நிகழ்தல் தகும் எனக் கருதிப் போற்றிய நெறியையும் குறிக்கும். அந்நெறிக்கு இலக்கணம் சான்றாகும்.

அகப்பாடல்களிலும் கடுங்காவல் உண்டே என்பது இரண்டாம் தடை. இற்செறித்தல் என்னும் துறையில் தாய் மகளை வீட்டை விட்டு வெளியேறாது தடுக்கின்றாள். இதனையும் மறைத்தற்கில்லை. பழைய காவல் பெண்ணை மட்டுமே நோக்கியது; ஆணின் வழியைக் காத்தார் இலர். அவ்வேற்றத்தாழ்வை இன்று யாரும் மரபெனப் போற்றுதல் வேண்டா. ஆயினும் இற்செறிப்பு அகத்திணையில் வெற்றி பெற்ற காவலாகப் பாடப்படவில்லை என்பதை நோக்குக. அது வரைவை விரைவுபடுத்தும் அல்லது உடன்போக்கிற் கொண்டுபோய் விடும். திருக்குறளின் 57-ஆம் குறளும் அடைத்து வைக்கும் காவலால் பயன் இல்லை எனவும், ஒருவர் தம் நிறையால் தம்மைக் காத்துக்கொள்ளுதலே தலையாய காவல் எனவும் கூறுகின்றது. மகளிர்க்குக் கூறிய அதனை இன்று மக்கள் இருபாலார்க்கும் உரியதாகக் கொள்ளுதல் தகும்.

உடன்போக்கில் மகளைத் தேடிச் செல்லும் செவிலியை இங்கு நினைத்தல் வேண்டும். குறுந்தொகை 44-ஆம் பாடலில் வெள்ளிவீதியார் அவள் தளர்ந்த நடையையும் நோக்கி நோக்கி ஒளியிழந்த கண்களையும் காட்டுகின்றார். அவளிடம் புள்ளி காட்டும் கருவி இருந்திருப்பின் துயர் தீர்ந்திருக்கும் என ஒருவர் கூறலாம். கலித்தொகை 9-ஆம் பாடலை அதனோடு வைத்து நோக்குக. ஆண்டுச் செவிலி வினாவுதற்கு எதிரே வந்த அந்தணர், காணவில்லை என்னாது, கண்டோம் என்றே மறுமொழி கூறுகின்றனர். மலையிற் பிறந்த சந்தனமும் கடலிற் பிறந்த முத்தும் யாழிற் பிறந்த இசையும் பிறந்த இடத்துக்குப் பயன்படாமையை எடுத்துக்காட்டி, மகளின் செலவு அறத்தின்பாற்பட்டது எனவும் தெளிவிக்கின்றனர். செவிலிக்கு ஆறுதல் அளித்தது மகள் சென்ற வழி பற்றிய செய்தியன்று. அச்செய்தியோடு சேர்ந்து வந்த சான்றோர் சொல்லே ஆகும். கருவி முன்னதைத் தரும். பின்னதைத் தர மாட்டாது.

மூன்றாம் தடை வலியது. சிறு குழந்தை, மறதிநோயுற்ற முதியவர், நள்ளிரவில் தனியே பணியினின்று திரும்புவோர் ஆகியோர் திறத்தில் இடம் அறிதல் உயிரைக் காக்கும் அன்றோ? ஆம், இதனை முற்றும் உடன்படுகின்றோம். அறத்தொடு நிற்றற்கும் நெருக்கடியே காலமாயிற்று என மேலே கூறினோம். நெருக்கடியில் வெளிப்படுத்துதல் அறமே. நெருக்கடிக்குரிய விதியை எல்லா நாளுக்கும் எல்லார்க்கும் உரிய விதியாக்குதலையே மறுக்கின்றோம். எட்டு வயதுக் குழந்தைக்கு வைத்த காவலைப் பதினெட்டு வயதிலும் மாற்றாது வைத்தல், குழந்தை வளர்ந்ததை ஏற்க மறுத்தலாக முடியும்.

7. சட்டமும் இல்லமும்

சட்டம் இதனைப் பார்த்துக்கொள்ளும் எனக் கருதுதற்கும் இல்லை. 2017 ஆகஸ்டு 24-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய ஆயம், புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கின்றது. நிறுவனங்கள் சிறுவரைப் பின்தொடர்ந்து கண்காணித்தலை விலக்குகின்றது. சில விலக்குகளுக்கும் இடந்தருகின்றது. ஆயின் தனி ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டு நோக்கத்திற்காகத் தரவைக் கையாளுதல் அச்சட்டத்தின் எல்லைக்கு உட்பட்டதன்று. தாய்க்கும் மகளுக்கும் இடையில் சட்டம் வாயிற்படியிலேயே நின்றுவிடுகின்றது. அதற்கு அப்பால் முறையை வகுக்க வேண்டியோர் குடும்பத்தாரே.

8. முடிபு

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படும். காட்டப்படுவோர் அறியாமல் கருவியை வைத்தல் எவ்வாற்றானும் தகாது. மறைந்திருந்து உளவு பார்க்கும் செயலியை விற்ற ஸ்பைஃபோன் நிறுவனத்தை 2021-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அத்தொழிலினின்றே விலக்கியது. ஆள் வரையறை காக்கப்படுதல் வேண்டும். தாய் அறிவதெல்லாம் மாமனும் அண்ணனும் ஒருங்கே அறிதல் வேண்டா. கால வரையறை காக்கப்படுதல் வேண்டும். பயணத்துக்கென இயக்கியது பயணம் முடிந்ததும் நிறுத்தப்படுக. அளவும் காக்கப்படுக, ஊரை அடைந்தாள் என்பதே போதுமாயின் தெருவும் வீடும் வேண்டா. ஆண்டுதோறும் மக்களின் வயதுக்கேற்ப இவற்றை அவர்களோடு அமர்ந்து மீண்டும் ஆராய்தல் நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, புள்ளியை நோக்குமுன் ‘எங்கே இருக்கின்றாய்?’ என்று ஒரு சொல் கேட்டல் வேண்டும். அக்கேள்வி மறுமொழியை மகளின் வாயிலேயே வைக்கின்றது.

தமிழ் மரபு மகளைக் காக்க வேண்டா எனக் கூறவில்லை. களஞ்சுட்டும் சொல் செல்வோர்க்கு உரியது எனவும், அது பிறரை அடையுங்கால் பொறுப்புடையார் வாயிலாக, காலமும் அளவும் அறிந்து அடைதல் வேண்டும் எனவும் கூறுகின்றது. இதனை மறந்து, இடைவிடாத கண்காணிப்பை நம் மரபெனச் சொல்லுதல் அம்மரபுக்கு இழைக்கும் பிழையாகும். மகள் மாலையில் வந்து தான் சென்ற இடத்தைத் தானே சொல்லும் வீட்டில் தாய் அறிவது புள்ளி காட்டுவதினும் மிகுதி. அச்சொல்லுக்கு இடம் வைத்தலே காவலின் முதற்கடன் என்பது எம் துணிபு. அகப்பொருள் இலக்கணத்தைப் பயிலும் இளைய ஆராய்ச்சியாளர் இவ்வழியில் மேலும் ஆராய்தற்கு இடம் உண்டு. செவிலி கூற்றுகளையும் கண்டோர் கூற்றுகளையும் இந்நோக்கில் தனித்தனியே தொகுத்து ஆராயின் இக்கருத்து வலிபெறவோ திருத்தம் பெறவோ கூடும்.